மூன்று மூல் போட்டால் இரண்டு மூல்தான் வருகிறது, மிச்சம் எங்கே?

தரம் 12 இல் இரசாயனவியல் தொடங்கியிருக்கும் ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருக்கிறார்: "2 மூல் ஐதரசனும் 1 மூல் ஒட்சிசனும் தாக்கமடைந்தால் 2 மூல் நீர் கிடைக்கும் என்று எழுதுகிறோம். 2 உம் 1 உம் 3 அல்லவா? மிச்ச 1 மூல் எங்கே போனது? திணிவு அழியாது என்று சாதாரண தரத்தில் படித்தோமே. சூத்திரங்கள் எல்லாம் பாடம். ஆனால் கணக்கைக் கண்டால் எங்கே வகுப்பது, எங்கே பெருக்குவது என்று தெரிவதில்லை."

தங்கச்சி, நல்ல கேள்வி. இந்தச் சந்தேகம் வராமலே உயர்தரம் எழுதி முடித்தவர்கள் நிறையப்பேர். அவர்களுக்கு அது விளங்கியதால் வராமல் போகவில்லை, சமன்பாட்டை ஒரு படம் போலப் பார்த்துப் பழகியதால் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்கிறது என்றால், அந்த வரியை ஒரு வாக்கியமாக வாசித்திருக்கிறீர்கள்.

முதலில் அந்த 1 மூலைக் கண்டுபிடிப்போம். ஐதரசன் வாயுவில் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு அணு சேர்ந்தது. ஒட்சிசனும் அப்படித்தான். தாக்கத்துக்கு முன் இரண்டு ஐதரசன் மூலக்கூறு, ஒரு ஒட்சிசன் மூலக்கூறு என்று எடுத்தால் மூலக்கூறு மூன்று, அணு ஆறு. தாக்கத்துக்குப் பின் இரண்டு நீர் மூலக்கூறு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஐதரசன் அணு, ஒரு ஒட்சிசன் அணு. மூலக்கூறு இரண்டுதான், ஆனால் அணு அதே ஆறு. இடம்பெயர்ந்த நாட்களில் மூன்று வீட்டுக்காரர் இரண்டு வீட்டில் இருந்த கதையை உங்கள் அம்மம்மா சொல்லியிருப்பார். வீட்டுக் கணக்கு மூன்றிலிருந்து இரண்டானது. ஆட்கள் ஒருவரும் குறையவில்லை. மூலக்கூறு என்பது வீடு, அணு என்பது ஆள். தாக்கம் நடக்கும்போது வீடு கலையும், புது வீடு அமையும். ஆட்களின் எண்ணிக்கை மட்டும் மாறாது.

திணிவையும் பார்த்துவிடுங்கள். ஐதரசன் மூலக்கூறு ஒரு மூல் 2 கிராம், ஆகவே 2 மூல் 4 கிராம். ஒட்சிசன் மூலக்கூறு ஒரு மூல் 32 கிராம். கூட்டினால் 36. நீர் ஒரு மூல் 18 கிராம், 2 மூல் 36 கிராம். ஒரு கிராமும் குறையவில்லை. ஆகவே திணிவு காக்கப்படும், அணுக்களின் எண்ணிக்கை காக்கப்படும். மூலக்கூறுகளின் மூல் எண்ணிக்கை காக்கப்பட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சில தாக்கங்களில் கூடும், சிலவற்றில் குறையும், சிலவற்றில் அப்படியே இருக்கும்.

இனி மூல் என்ற விடயத்துக்கு வருவோம். மற்றக் குழப்பம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நான் உயர்தரம் படித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி வைத்து அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். ஆய்வுகூட அலுமாரியில் போத்தல்கள் இருந்தன, அநேகமானவை வெறும் போத்தல்கள். ஒருநாள் எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் இரண்டு கடதாசிப் பைகளோடு வந்தார். ஒன்றில் புளியங்கொட்டை, மற்றதில் மஞ்சாடி. அந்தக் காலத் தட்டார் பொன் நிறுக்க வைத்திருந்த அதே சிவப்பு மஞ்சாடி விதை. மேசையில் தராசை வைத்து 100 புளியங்கொட்டையை எண்ணி நிறுத்தார். 75 கிராம் அளவில் வந்தது. பிறகு 100 மஞ்சாடி. 25 கிராம் அளவில் வந்தது. "ஒரு புளியங்கொட்டைக்கு இரண்டு மஞ்சாடி வைத்து மாலை கோர்க்க வேண்டும். 75 கிராம் புளியங்கொட்டை தருகிறேன். எத்தனை கிராம் மஞ்சாடி வேண்டும்?" என்று கேட்டார்.

வகுப்பில் பாதிப்பேர் 150 கிராம் என்றோம். ஒன்றுக்கு இரண்டுதானே, 75 இன் இரு மடங்கு 150.

அவர் ஒன்றும் சொல்லாமல் 150 கிராம் மஞ்சாடியை நிறுத்துத் தந்து கோர்க்கச் சொன்னார். கோர்த்தோம். புளியங்கொட்டை முடிந்த பிறகும் மேசையில் மஞ்சாடி குவிந்து கிடந்தது. சரியாகச் செய்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? 75 கிராம் என்றால் 100 புளியங்கொட்டை. 100 க்கு 200 மஞ்சாடி. 200 மஞ்சாடி 50 கிராம். கடைசி விடை 50. ஒன்றுக்கு இரண்டு என்பது எண்ணிக்கையில் உள்ள விகிதம். அதைக் கிராமில் போட்டதால்தான் மூன்று மடங்கு பிழை வந்தது.

இன்றைக்கும் பிள்ளைகளின் விடைத்தாளில் நான் காணும் பிழைகளில் பெரும் பங்கு இந்த 150 கிராம் பிழைதான். தராசுக்குக் கிராம் மட்டும்தான் தெரியும். சமன்பாட்டுக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். இரண்டும் நேரே பேச முடியாது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் மூல்.

பாடத்தின் பெயரையே பாருங்கள்: பீசமானம். பீசம் என்றால் விதை, மானம் என்றால் அளவு. எங்கள் ஆசிரியர் விதையைக் கொண்டுவந்தது அதை நினைத்துத்தானா என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் அந்த மேசைதான் கண்ணில் நிற்கும்.

சரி, அணுவை எண்ண முடியாதே, அப்போ ஏன் எண்ணிக்கை? இரும்புக் கடையில் ஒரு இறாத்தல் ஆணி கேட்டால் எண்ணித் தருவதில்லை, நிறுத்துத்தான் தருவார்கள். ஒரு ஆணியின் நிறை தெரிந்தால் மொத்த நிறையிலிருந்து எண்ணிக்கையை அறியலாம். அணுவுக்கும் அதே வழிதான். ஒரேயொரு வித்தியாசம், அணு மிகச் சிறியது, ஆகவே டசின் போன்ற சின்னக் கட்டு பயன்படாது. கையால் எடுத்து நிறுக்கக்கூடிய அளவு வர வேண்டுமானால் கட்டு பிரமாண்டமாக இருக்க வேண்டும். அந்தக் கட்டின் பெயர்தான் மூல். ஒரு டசினில் 12, ஒரு மூலில் 6.022 × 10²³.

அந்த எண் ஏன் இப்படி ஒரு ஒழுங்கில்லாத எண்ணாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். காரணம் எளிது. காபனின் அணுக்களில் காபன் 12 என்ற வகையின் (சமதானியின்) ஓர் அணுவை 12 அலகு என்று வைத்து மற்ற அணுக்களை அதோடு ஒப்பிட்டு வரும் எண்தான் சார் அணுத்திணிவு. ஐதரசன் 1, ஒட்சிசன் 16, சோடியம் 23, கல்சியம் 40. இதே எண்ணைக் கிராமில் நிறுத்து எடுத்தால் எந்த மூலகமாக இருந்தாலும் அணுக்களின் எண்ணிக்கை சமமாக வரும். ஏனென்றால் ஒட்சிசன் அணு ஐதரசன் அணுவைவிட 16 மடங்கு பாரம், 16 கிராமும் 1 கிராமைவிட 16 மடங்கு. அப்படிச் சமமாக வரும் அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று அளந்து பார்த்தபோது 6.022 × 10²³ என்று வந்தது. யாரும் உட்கார்ந்து தெரிவு செய்த எண் அல்ல. கிராம் என்ற அலகை மனிதர் தெரிவு செய்தார்கள், அந்தத் தெரிவோடு இந்த எண்ணும் தானாக வந்து சேர்ந்தது. கிராமுக்குப் பதில் கிலோகிராமில் எடுத்திருந்தால் 6.022 × 10²⁶ என்று வந்திருக்கும், இரசாயனம் ஒன்றும் மாறியிருக்காது.

அவகாதரோ மாறிலி என்று பெயர் இருந்தாலும் அவகாதரோவுக்கு இந்த எண் தெரியாது. அவர் 1811 இல் சொன்னது, ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும் என்பது. எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. மூலக்கூற்றின் பருமனை 1865 இல் மதிப்பிட்டவர் லொஸ்மித். பல வழிகளில் அளந்து, அந்த எண்ணுக்கு அவகாதரோவின் பெயரை 1909 இல் வைத்தவர் ஜான் பெரன். 2019 மே 20 முதல் மூலின் வரைவிலக்கணமே மாறிவிட்டது. இப்போது ஒரு மூல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ துணிக்கைகள், அவ்வளவுதான். அதற்கு முன் 12 கிராம் காபன் 12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று வரைவிலக்கணம் இருந்தது. பழைய நூல்களில் அந்த வரியைக் கண்டால் குழம்ப வேண்டாம். உங்கள் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

எவ்வளவு பெரிய எண் என்று ஒரு தடவை உணர்ந்து பார்த்தால் நல்லது. ஒரு நெல்மணி 25 மில்லிகிராம் என்று வையுங்கள். ஒரு மூல் நெல்மணி 1.5 × 10¹⁶ தொன். உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் நெல் 80 கோடி தொன்னுக்குக் கிட்ட. இதே வேகத்தில் விளைந்தால் ஒரு மூல் நெல் சேர ஏறக்குறைய 2 கோடி ஆண்டு வேண்டும். அதே ஒரு மூல் நீர் 18 மில்லிலீற்றர், ஒரு மிடறுக்கும் காணாது.

இன்னொரு விடயம். எங்கள் பாடநூல் தமிழில் மூல், மூலம், மூலகம், மூலக்கூறு, மூலிகம் என்று ஐந்து சொற்கள் ஒன்றுக்கொன்று அக்கா தங்கை போல நிற்கின்றன. மூலம் என்றால் அமிலத்துக்கு எதிரானது. மூலகம் என்றால் ஒரே வகை அணுவால் ஆனது. மூலக்கூறு என்றால் அணுக்கள் பிணைந்த கூட்டு. மூலிகம் என்றால் நைத்திரேற்று, காபனேற்று போன்ற அயன் கூட்டம். மூல் மட்டும் எண்ணிக்கையின் அலகு. அவசரத்தில் வாசிக்கும் பிள்ளை "ஒரு மூல் மூலம்" என்பதைக் கண்டு திகைத்துப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கேள்வியை வாசிக்கும்போது இந்தச் சொற்களின் கீழே பென்சிலால் கோடு போட்டு, எது எண்ணிக்கை, எது பொருள் என்று பிரியுங்கள். பரீட்சையில் அந்த அரை நிமிடம் வீண் போகாது.

இதோடு சேர்த்து ஒட்சிசனையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு மூல் ஒட்சிசன்" என்று மட்டும் சொன்னால் அரைகுறை. ஒட்சிசன் அணு ஒரு மூல் 16 கிராம், ஒட்சிசன் வாயு மூலக்கூறு ஒரு மூல் 32 கிராம். எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் மூல் என்று சொல்லக்கூடாது. டசின் என்று மட்டும் சொன்னால் டசின் என்ன என்று கேட்பீர்கள் அல்லவா? குளோரீனின் சார் அணுத்திணிவு 35.5 என்பதையும் பார்த்து அரை அணு என்று பயப்பட வேண்டாம். 75 கிராம் புளியங்கொட்டையில் ஒவ்வொரு கொட்டையும் 0.75 கிராம் இல்லையே, சராசரிதானே. குளோரீன் அணுக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு 35, கால் பங்கு 37. சராசரி 35.5.

இனி எங்கே வகுப்பது, எங்கே பெருக்குவது. சூத்திரத்தை ஒரு பக்கம் வையுங்கள். ஒரு கொப்பி 150 ரூபா, கையில் 600 ரூபா இருக்கிறது, எத்தனை கொப்பி வாங்கலாம்? 4 என்று உடனே சொல்வீர்கள். வகுத்தீர்கள், சூத்திரம் பார்க்கவில்லை. 5 கொப்பிக்கு எவ்வளவு? 750. பெருக்கினீர்கள். மூலர்த்திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, என்பது "ஒன்றின் விலை". கல்சியம் காபனேற்றின் மூலர்த்திணிவு 100 கிராம். 10 கிராம் இருக்கிறது, எத்தனை மூல்? 0.1. இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது? கரைசலின் செறிவும் இதே மாதிரித்தான். ஒரு லீற்றரில் இத்தனை மூல் என்றால், கால் லீற்றரில் எத்தனை என்று கேட்பதற்குச் சூத்திரம் வேண்டாம்.

ஒரு முழுக் கணக்கை மெதுவாகச் செய்வோம். பொருள் உங்கள் வீட்டுக் குசினியிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. அதைக் கொதிக்க வைக்கக் கொதிக்கக் கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒரு படை பிடிக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் ஓடு போலக் கழரும். அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வினாகிரி விட்டால் நுரைத்துக் கரையும். எவ்வளவு வினாகிரி விட வேண்டும்?

கேத்தலில் 10 கிராம் படிவு இருக்கிறது என்று வைப்போம். வினாகிரியில் 100 மில்லிலீற்றருக்கு 4 கிராம் அசற்றிக்கமிலம் இருக்கிறது என்று எடுப்போம். சமன்பாட்டைச் சொல்லாகவே எழுதுகிறேன்: 1 கல்சியம் காபனேற்று + 2 அசற்றிக்கமிலம் → 1 கல்சியம் அசற்றேற்று + 1 நீர் + 1 காபனீரொட்சைட்டு. கல்சியத்துக்கு இரண்டு ஏற்றம், அமிலம் ஒவ்வொன்றும் ஒன்றுதான் கொடுக்கும், அதனால் இரண்டு அமிலம் வேண்டும்.

தராசில் இருப்பது 10 கிராம். எண்ணிக்கைக்கு மாற்றுங்கள்: 0.1 மூல். இப்போது சமன்பாட்டிடம் கேளுங்கள்: ஒன்றுக்கு இரண்டு, ஆகவே 0.2 மூல் அமிலம். மறுபடி கிராமுக்கு வாருங்கள்: அசற்றிக்கமிலம் ஒரு மூல் 60 கிராம், 0.2 மூல் 12 கிராம். 4 கிராமுக்கு 100 மில்லிலீற்றர் என்றால் 12 கிராமுக்கு 300 மில்லிலீற்றர். அவ்வளவுதான் முழுப் பாடமும். உள்ளே போகும்போது கிராமிலிருந்து மூலுக்கு, நடுவில் மூலிலிருந்து மூலுக்கு, வெளியே வரும்போது மூலிலிருந்து வேண்டியதற்கு. விகிதம் போடுவது நடுவில் மட்டும்தான்.

வீட்டில் 300 மில்லிலீற்றர் இல்லை, 100 தான் இருக்கிறது என்று வையுங்கள். அதை விட்டால் கொஞ்ச நேரம் நுரைக்கும், பிறகு அடங்கும். படிவு இன்னும் கிடக்கும். இங்கே முதலில் முடிந்துபோனது வினாகிரி. இதைத்தான் எல்லைப்படுத்தும் தாக்கி என்று படிக்கிறீர்கள். 100 மில்லிலீற்றரில் அமிலம் 4 கிராம், அதாவது 0.067 மூல். இரண்டு அமிலத்துக்கு ஒரு காபனேற்று, ஆகவே கரைந்தது 0.033 மூல், 3.3 கிராம். 6.7 கிராம் இன்னும் அடியில் இருக்கும். காபனீரொட்சைட்டு எவ்வளவு வந்தது என்று கேட்டால் 0.033 மூல் என்றுதான் சொல்ல வேண்டும், 0.1 மூல் அல்ல. விளைவு எவ்வளவு என்று தீர்மானிப்பது முதலில் முடிகிற பொருள்தான்.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் வழுக்குவார்கள். 225 மில்லிலீற்றர் விட்டால் அமிலம் 0.15 மூல், காபனேற்று 0.1 மூல். 0.15 பெரிது, அதனால் அமிலம் மிஞ்சும் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 0.1 மூல் காபனேற்று கேட்பது 0.2 மூல் அமிலம். 0.15 காணாது. ஒவ்வொன்றின் மூலையும் சமன்பாட்டில் அதற்கு முன் நிற்கும் எண்ணால் வகுத்துப் பாருங்கள்: அமிலம் 0.075, காபனேற்று 0.1. எது சிறியதோ அது முதலில் முடியும். கடைசிக் கொஞ்சப் படிவு கரைய நேரம் எடுக்கும், அது வேறு விடயம். மென்னமிலம், செறிவு குறையக் குறையத் தாக்கம் மெதுவாகும். தாக்கத்தின் வேகம் படிக்கும்போது அதற்கு வருவீர்கள். பீசமானம் வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அடுத்ததைக் கொஞ்சம் கவலையோடுதான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் யூரியா போடுகிறோம். 50 கிலோ பையில் நைதரசன் 46 வீதம் என்று அச்சிட்டிருக்கும். அந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியா மூலக்கூறு ஒன்றில் காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4. 12 உம் 16 உம் 28 உம் 4 உம் சேர்ந்து 60. அதில் நைதரசன் 28. 28 ஐ 60 ஆல் வகுத்தால் 46.7 வீதம். பையில் உள்ள எண் மூலர்த்திணிவிலிருந்து வந்த எண்தான்.

50 கிலோ பையில் நைதரசன் 23 கிலோ. இது மண்ணில் நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறும். முழுவதும் மாறினால் எவ்வளவு நைத்திரேற்று வரும்? நைதரசன் அணு ஒன்றுக்கு நைத்திரேற்று அயன் ஒன்று. 23,000 கிராமை 14 ஆல் வகுத்தால் 1,643 மூல் நைதரசன் அணு. ஆகவே 1,643 மூல் நைத்திரேற்று. நைத்திரேற்று ஒரு மூல் 62 கிராம். பெருக்கினால் 102 கிலோ. 50 கிலோ பையிலிருந்து 102 கிலோவா என்று வகுப்பில் எப்போதும் ஒரு கை உயரும். திணிவு பிறக்கவில்லை. ஒவ்வொரு நைதரசனோடும் மூன்று ஒட்சிசன் வந்து சேர்ந்திருக்கிறது. அதெல்லாம் யூரியாவுக்குள் இருந்து வந்தது அல்ல, வளியிலிருந்தும் மண்ணிலுள்ள நீரிலிருந்தும் வந்தது.

குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். 102 கிலோவை அந்த அளவில் கலந்தால் 20 லட்சம் லீற்றர் நீர் எல்லையைத் தொடும். ஒரேயொரு பை. உண்மையில் ஒரு பங்கைப் பயிர் எடுக்கும், ஒரு பங்கு அமோனியாவாகவும் நைதரசன் வாயுவாகவும் வளிக்குப் போகும். மிஞ்சுவது இறைப்பு நீரோடும் மாரி மழையோடும் கீழே இறங்கும். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல், இறங்குவதைத் தடுக்க அதிகம் ஒன்றும் இல்லை. மலசலகூடக் குழிகளிலிருந்து வருவதும் இதோடு சேரும். அந்தத் தண்ணீரைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். இந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்கு நைத்திரேற்று குருதியின் ஒட்சிசன் காவும் ஆற்றலைக் குறைக்கும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நைத்திரேற்று ஆவியாகாது. நீர் வற்ற வற்றச் செறிவு இன்னும் கூடும். யூரியாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தோட்டம் செய்கிறவருக்கு அது சோறு. ஆனால் ஒரு பையைப் பிரித்துப் போடுவதா ஒரே முறையில் போடுவதா என்று முடிவெடுக்கும் வீட்டில், இந்தக் கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். சில அறிக்கைகள் நைத்திரேற்று என்று எழுதும், சில நைத்திரேற்று நைதரசன் என்று எழுதும். இரண்டும் வேறு. 62 கிராம் நைத்திரேற்றில் நைதரசன் 14 கிராம்தான். ஆகவே நைத்திரேற்று 50 மில்லிகிராம் என்பதும் நைதரசன் 11.3 மில்லிகிராம் என்பதும் ஒரே தண்ணீர். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு வந்த அறிக்கையில் 20 என்று இருந்தது. 50 க்குக் குறைவு என்று நிம்மதியாக இருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன், அது நைதரசனாகக் கொடுத்த 20. நைத்திரேற்றாக மாற்றினால் 88 க்கு மேல். அன்றைக்கே பேரப்பிள்ளைக்கு வேறு தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. நாங்கள் நிற்கும் நிலமே சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததும் இந்தக் கல்லை நம்பித்தான். சூளையில் இந்தக் கல்லை வைத்துச் சுட்டால் கல்சியம் காபனேற்று உடைந்து கல்சியம் ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும் வரும். ஒன்றுக்கு ஒன்று, ஒன்று. 100 கிராம் கல்லிலிருந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 44 கிராம் வாயுவாகப் போய்விடும். சூளைக்குள் வைத்த கல் வெளியே எடுக்கும்போது அதே பருமனில் இருந்தாலும் கையில் தூக்கினால் லேசாக இருக்கும். அந்த லேசு இந்த 44 தான். தூய கல் 10 கிலோ முழுவதும் வெந்தால் 5.6 கிலோ. கல்லில் 90 வீதம்தான் கல்சியம் காபனேற்று, மிச்சம் மண்ணும் களியும் என்றால் முதலில் 9 கிலோவாக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். அழுக்கையும் சேர்த்து மூலர்த்திணிவால் வகுத்துவிடாதீர்கள்.

இப்போது அந்த 5.6 கிலோ சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டு நீற்றுங்கள். ஒரு கல்சியம் ஒட்சைட்டுக்கு ஒரு நீர், கிடைப்பது ஒரு கல்சியம் ஐதரொட்சைட்டு. வெற்றிலைக்குத் தடவுவதும், கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டிக்குள் பூசுவதும் இதைத்தான். நீற்றும்போது எழும் சூட்டில் கொஞ்ச நீர் ஆவியாகும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நீறிய சுண்ணாம்பு எத்தனை கிலோ? கல்சியம் 40, ஒட்சிசன் 16, ஐதரசன் 1. கொப்பியில் செய்து பாருங்கள். 7.4 கிலோ வந்தால் சரி. 11.2 வந்தால், ஒன்றுக்கு ஒன்று என்பதைக் கிலோவிலேயே போட்டு 5.6 கிலோ நீரைச் சேர்த்திருக்கிறீர்கள். மறுபடி முதல் வரிக்குப் போய், 5.6 கிலோவை மூலாக மாற்றிவிட்டு வாருங்கள்.